கன்கார்டுச் சிற்றூரின் பனிக்காலம்

வரலாறு என்றவுடன் அரசர் முடிசூடிய ஆண்டும், படை பொருத களமும், கோட்டை வீழ்ந்த நாளுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் மக்கள் வாழ்நாளிற் பெரும்பகுதி களத்திலும் கோட்டையிலும் கழிவதன்று. வீட்டிலும் வயலிலும் சந்தையிலும் ஊர்ப்பொது மன்றத்திலுமே கழிவது. வேலை மிகுந்த காலத்தில் ஓர் ஊரார் செய்தது அவர்தம் முயற்சியைக் காட்டும். வேலை ஓய்ந்த காலத்தில் அவர் செய்ததோ அவர்தம் உள்ளத்தைக் காட்டும். இக்கருத்தை உட்கொண்டு, வட அமெரிக்காவிலுள்ள ஒரு சிற்றூர் நூற்றெண்பது ஆண்டுகட்கு முன்னர்த் தன் பனிக்காலத்தைக் கழித்த வகையைச் சங்கத்து அன்பர்க்கும் அவர் இல்லத்தார்க்கும் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றேன். அவ்வூருக்கும் நம் சென்னைக் கடற்கரைக்கும் உள்ள தொடர்பு போகப்போக விளங்கும்.

ஊரும் பருவமும்

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, மார்கழி தைத் திங்கள்களை முன்பனி என்றும், மாசி பங்குனித் திங்கள்களைப் பின்பனி என்றும் வழங்கினர். நமக்குப் பனி என்பது புல்நுனியில் முத்துப்போல் நின்று, கதிரவன் எழ மறைந்துபோவது. விடியற்காலையில் ஒரு போர்வையும் சிறிது சுள்ளித் தீயும் இருப்பின் அதனை வென்றுவிடலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கன்கார்டு என்னும் ஊரிலோ பனியின் ஆட்சி வேறு. மார்கழியில் நிலம் இறுகும், ஏரிகள் கல்லாகும், வானினின்று பஞ்சுபோல் இறங்கும் உறைபனி வயலையும் வேலியையும் ஒருங்கே மூடிவிடும். பங்குனியிலோ சித்திரைத் தொடக்கத்திலோதான் ஏரியின் மேற்பரப்பு மீண்டும் நீராகும்.

இவ்வூர் பாஸ்டன் நகரினின்று வடமேற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில் உள்ளது. பழங்குடி மக்கள் மஸ்கெட்டாகுவிட் என வழங்கிய இந்நிலத்தில், 1635-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் குடியேறி ஊரமைத்தனர். 1775 ஏப்ரல் 19-ஆம் நாள் ஆங்கில அரசின் படையை ஊர்க்குடியானவர் எதிர்த்து நின்ற வடபாலம் இவ்வூரிலேயே உள்ளதாகலின், அமெரிக்கர் இதனைத் தம் விடுதலைப் போரின் தொட்டில் எனப் போற்றுவர். யாம் பேசப்புகும் 1840-களில் இங்கு வாழ்ந்தோர் இரண்டாயிரவர் அளவினரே. உழவரும் கொல்லரும் தச்சரும் கடைக்காரரும் நிறைந்த நாட்டுப்புறத்து ஊர் அது.

இல்லமும் தொழிலும்

பனிக்காலத்தில் ஏர் ஓடாது. ஆயினும் உழவன் கைகட்டி இருந்தானல்லன். ஆண்டு முழுமைக்கும் வேண்டிய விறகை அக்காலத்திற்றான் வெட்டினான். ஏனெனில் மற்றைக் காலங்களில் வண்டிச்சக்கரம் புதையும் வழிகளெல்லாம் உறைபனி படிந்தபின் வழுவழுப்பாகிவிடும். சக்கரமில்லாத சறுக்குவண்டியிற் பாரமேற்றிக் குதிரையைப் பூட்டினால் எளிதில் இழுத்துவரும். சறுக்குவண்டி ஓசையின்றி வருமாகலின், எதிர்வருவோர் அறியக் குதிரையின் கழுத்தில் மணிகட்டுதல் வழக்கம். குளிர் தொடங்கியவுடன் பன்றியைக் கொன்று இறைச்சியை உப்பிட்டு வைத்தனர்; ஆப்பிளும் உருளைக்கிழங்கும் வீட்டின் அடிநிலவறையிற் கிடந்தன. உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டில் இறக்கி மீன் பிடிப்பாரும் உளர். பெண்டிர் ஒரு வீட்டிற் கூடித் துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்தனர். கை தைக்க வாய் ஊர்க்கதை பேசிற்று.

நம் வீடுகளிற் பஞ்சாங்கம் தொங்குவதுபோல் அவர்தம் அடுப்பங்கரையில் 'உழவர் பஞ்சாங்கம்' தொங்கிற்று. இராபர்ட் தாமஸ் என்பார் 1792-இல் தொடங்கிய அந்நூல் இன்றளவும் ஆண்டுதோறும் வெளிவருகின்றது. ஞாயிறு எழுதலும் மறைதலும், திங்களின் நிலையும், வானிலைக் குறிப்பும், உழவர்க்குரிய அறிவுரையும் அதில் உண்டு.

விழாக்களைப் பற்றி ஒரு செய்தி நம்மவர்க்கு வியப்பளிக்கும். கிறிஸ்து பிறந்த நாள் அந்நாட்டிற் பெருவிழா என்றே நாம் எண்ணியிருக்கின்றோம். அம்மாநிலத்தை நிறுவிய கடுநெறிக் கிறித்தவரோ, மறைநூலில் விதிக்கப்படாத விழா என்று கருதி, 1659-ஆம் ஆண்டில் அதனைக் கொண்டாடுதல் குற்றமெனச் சட்டமே வகுத்து 5 சில்லிங்கு தண்டமும் விதித்தனர். 1681-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது; எனினும் 1856-இற்றான் அந்நாள் மாசசூசெட்ஸில் அரசு விடுமுறையாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அவர்தம் பெருவிழா, அறுவடை முடிந்தபின் கார்த்திகையில் வரும் நன்றிநாளே. வெளியூரிற் பிழைக்கச் சென்ற மக்கள் அன்று பெற்றோர் இல்லம் திரும்புவர். ஒரே பந்தியில் மூன்று தலைமுறையினர் அமர்ந்து உண்பர். நம் பொங்கலை ஒத்த நாள் அது.

ஏரியை அளந்த இளைஞர்

பனிக்காலம் கல்விக்கும் உரிய காலமாயிருந்தது. கோடையில் வயலில் உழைக்கும் வளர்ந்த பிள்ளைகள் குளிர்காலத்திலேயே பள்ளிக்கு வந்தனர். அவ்வூரிற் பிறந்து ஆசிரியத் தொழிலிற் புகுந்த இளைஞர் ஒருவர் ஹென்றி டேவிட் தோரோ (1817–1862). 1837-இல் ஊர்ப்பள்ளியில் அமர்ந்த அவர், பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தே ஆளவேண்டும் என்ற நெருக்கத்திற்கு இசையாது இரண்டொரு வாரத்தில் அவ்வேலையைத் துறந்தார். பின்னர்த் தம் தமையனாருடன் தனிப்பள்ளி நடத்தினார். 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை, ஊருக்கு அணித்தாகிய வால்டன் ஏரிக்கரையில், தம் நண்பரும் பேரறிஞருமாகிய எமர்சனுக்குரிய நிலத்தில், 15 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள சிறு குடிலைத் தாமே கட்டி வாழ்ந்தார். 1854-இல் வெளிவந்த அவருடைய 'வால்டன்' என்னும் நூலே நாம் ஈண்டுக் கூறும் செய்திகள் பலவற்றிற்கு ஊற்று.

அவ்வேரிக்கு அடியே இல்லை என்று ஊரார் நெடுங்காலம் நம்பிவந்தனர். அளந்து பார்த்தார் ஒருவருமிலர். 1846-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பனிக்கட்டி உடையுமுன், தோரோ அதன்மேல் நடந்து ஆங்காங்குத் துளையிட்டுக் கல்கட்டிய கயிற்றை இறக்கினார். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அளந்தார். மிக்க ஆழம் 102 அடி எனக் கண்டார். பிற்காலத்தார் கருவிகொண்டு அளந்தும் ஏறத்தாழ அவ்வளவே கண்டனர். 'அடியில்லாத ஏரி' என்னும் வாய்மொழி ஒரு கயிற்றினால் அற்றது.

ஏரி உறைந்த நாளும் உருகிய நாளும், ஒவ்வொரு செடியும் முதற்பூ பூத்த நாளும் அவர் குறித்துவைத்தார். அக்குறிப்புக்களைப் பாஸ்டன் பல்கலைக்கழகத்து அறிஞர் ரிச்சர்டு பிரைமாக் முதலியோர் இந்நூற்றாண்டில் எடுத்து ஒப்புநோக்கி, அந்நிலத்துச் செடிகள் பல இன்று முன்னினும் முந்திப் பூக்கின்றன என்றும், ஏரிப்பனி முந்தி உருகுகின்றது என்றும் காட்டியுள்ளனர். உலகம் வெப்பமுறுவதற்கு அவ்வூர்க் குறிப்பேடு இன்று சான்றாயிற்று.

பனிக்கட்டி அறுவடை

1846–47-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில் ஒரு நாள், வால்டன் ஏரிக்கரையில் நூற்றுவர் அளவினரான அயர்லாந்துக் கூலியாட்கள் வந்திறங்கினர். 1844-இல் ஊருக்கு வந்துவிட்ட புகைவண்டிப் பாதை ஏரிக்கரையை ஒட்டியே செல்வதாகலின், நாடோறும் அவ்வண்டியில் வந்து மீண்டனர். குதிரை இழுக்கும் கொழுப்போன்ற கருவியாற் பனிக்கட்டிமேற் கோடு கீறி, சதுரஞ் சதுரமாக அறுத்து, கரையேற்றி அடுக்கினர். பார்ப்பதற்கு உழவுத்தொழில் போலவே இருந்தது, விதைப்புத்தான் இல்லை. நன்கு நடந்த நாளில் 1,000 டன் எடுத்தனர் என்றும், கரையில் அடுக்கிய குவியல் 10,000 டன் என மதிக்கப்பட்டது என்றும் தோரோ எழுதுகின்றார்.

இஃது எதற்கு? விற்பதற்கு! பாஸ்டன் வணிகராகிய பிரெடரிக் டூடர் (1783–1864), தம் நாட்டில் விலையின்றிக் கிடக்கும் பனிக்கட்டியை வெப்பநாட்டிற்கு ஏற்றுமதி செய்யத் துணிந்து, 1806-இல் மேற்கிந்தியத் தீவாகிய மார்ட்டினிக்கிற்கு முதற் கப்பலை விடுத்தார். ஊரார் நகைத்தனர், அவரும் முதலிற் பெரும்பொருள் இழந்தார். ஆயினும் மரத்தூளிற் பொதிந்தால் பனிக்கட்டி நெடுநாள் உருகாது என்பதைப் பட்டறிவாற் கண்டுகொண்டார். 1833 மே மாதம் 180 டன் ஏற்றிப் புறப்பட்ட 'டஸ்கனி' என்னும் கப்பல், நான்கு திங்கள் கடலில் மிதந்து, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, செப்டம்பரிற் கல்கத்தாவை அடைந்தபோது நூறு டன் அளவு எஞ்சியிருந்தது. கண்டோர் வியந்தனர்.

சென்னைக்கும் அச்சரக்கு வந்தது. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842-இல் அதற்கெனக் கட்டப்பட்ட வட்டவடிவான கிடங்கே 'ஐஸ் ஹவுஸ்' எனப்பட்டது. அந்நாளிற் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, அலைமீது செல்லும் மசூலாப் படகுகளிலேயே சரக்கெல்லாம் கரை சேர்ந்தன. நம் மீனவர் தோள் அவ்வெள்ளைக் கற்களையும் சுமந்தது. இங்கேயே பொறியாற் பனிக்கட்டி செய்யும் தொழில் வந்தபின், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வாணிகம் அற்றது. கிடங்கு பிறர் கைக்கு மாறி மாளிகையாயிற்று. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாள் அங்குத் தங்கினார்; இன்று அஃது அவர் பெயராலேயே 'விவேகானந்தர் இல்லம்' எனப்படுகின்றது.

வால்டனில் அடுக்கிய குவியலோ, பெரும்பாலும் சந்தைக்குச் செல்லாமலே கரையிற் கிடந்து, 1848 செப்டம்பர்வரை சிறிது சிறிதாக உருகி, மீண்டும் அவ்வேரியையே சேர்ந்தது. ஆயினும் கல்கத்தாவும் சென்னையும் தம் ஏரி நீரை உண்ணப் போகின்றன என்று தோரோ எண்ணி மகிழ்ந்தார். அவ்வேளையில் அவர் காலைதோறும் படித்துவந்தது சார்லஸ் வில்கின்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1785-இல் வெளியிட்ட பகவத்கீதை. அங்கிருந்து பனிக்கட்டி இங்கு வந்தது. இங்கிருந்து கீதை அங்குச் சென்றது.

கல்விக் கழகம்

நிற்க. அவ்வூரார் பனிக்காலத்தில் விளைத்த மற்றொரு பொருளை இனிக் கூறுவேன். ஜோசையா ஹால்புருக் என்னும் ஆசிரியர் 1826-இல் அம்மாநிலத்து மில்பரி என்னும் ஊரில் 'லைசியம்' என்னும் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஊரார் சிறு கட்டணம் செலுத்தி உறுப்பினராகி, மாலையிற் கூடி, அறிஞர் சொற்பொழிவைக் கேட்பதும் தம்முள் சொற்போர் நிகழ்த்துவதும் அதன் நோக்கம். கன்கார்டில் 1829-இல் அது நிறுவப்பட்டது. வேலை ஓய்ந்த பனிக்காலமே அதற்குரிய பருவம். உழவனும் கடைக்காரனும் இல்லத்தரசியும் விளக்கேந்தி, உறைபனி மிதித்து வந்து, கணப்புச் சட்டியைச் சூழ அமர்ந்து கேட்டனர். எமர்சன் தம் வாழ்நாளில் நூறளவு சொற்பொழிவுகளை அங்கு ஆற்றினார்.

செலவு எவ்வளவு? 1842–43-ஆம் ஆண்டுப் பருவத்தில் பொறுப்பாளராயிருந்த தோரோ, கழகத்திற்கு வந்த 109 டாலர் 20 சென்டில், 25 சொற்பொழிவுகளையும், கூட இடம், விறகு, விளக்கு ஆகியவற்றையும் 100 டாலரில் முடித்து, 9 டாலர் 20 சென்டைத் திருப்பிக் கொடுத்தார்! கணக்கறிந்த நம் பொருளாளர்கள் இதனை உற்றுநோக்குவாராக.

எல்லாம் இணக்கமாகவே நடந்ததென்று எண்ணற்க. அந்நாளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்களை மக்கள் விலைக்கு விற்கும் அடிமை முறை நிலவிற்று. அதனைக் கடிந்து பேசுவதிற் பேர்பெற்ற வெண்டல் பிலிப்ஸை அழைப்பதா என்பது பற்றி 1845 மார்ச்சில் கழகம் இரண்டுபட்டது. கழகத்தில் அரசியற் பூசல் புகலாகாது என்றனர் சிலர். வாக்கெடுப்பில் அழைப்போர் பக்கமே வென்றது. மறுத்த பொறுப்பாளர் விலகினர். எமர்சனும் தோரோவும் பொறுப்பேற்றனர். மார்ச் 11-ஆம் நாள் பிலிப்ஸ் பேசினார். ஊர் பிளந்துபோகவில்லை; கழகமும் மூடப்படவில்லை.

அக்கழகத்திலே 1841 ஜனவரி 27 அன்று, வன்முறையால் எதிர்த்து நிற்றல் எக்காலத்தேனும் தகுமா என்பது பற்றிச் சொற்போர் நிகழ்ந்தது. தகும் என்று தோரோவும் அவர் தமையனாரும், தகாது என்று அவர் நண்பர் பிரான்சன் ஆல்காட்டும் வாதிட்டனர். ஈராண்டு கழித்து, அடிமை முறைக்குத் துணைபோகும் அரசிற்குத் தலைவரி செலுத்தேன் என்ற ஆல்காட் கைதானார். 1846 ஜூலையில் தோரோவும் அவ்வாறே மறுத்து ஓரிரவு ஊர்ச்சிறையில் இருந்தார். வேறொருவர் வரியைச் செலுத்திவிட மறுநாள் விடப்பட்டார். ஏன் மறுத்தார் என்று ஊரார் வினவினர். அவ்வினாவிற்கு விடையாக, 1848 ஜனவரி 26 அன்று, அதே கழகத்தில், தனிமனிதனுக்கும் அரசிற்கும் உள்ள தொடர்பு பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1849-இல் அஃது அச்சேறியது. அன்று அதனைப் பொருட்படுத்தினோர் மிகச் சிலரே.

ஊரின் ஓரம்

புகழ்வதோடு நின்றால் அது வரலாறு ஆகாது. அவ்வூரின் குறையையும் கூறவேண்டும். பனிக்கட்டி அறுத்த அயர்லாந்தினர் வறியர். புகைவண்டிப் பாதையோரத்துக் குடிசைகளில் வாழ்ந்தோர். தோரோ தம் குடிலுக்குப் பலகை வேண்டி அத்தகைய குடிசை ஒன்றை 4 டாலர் 25 சென்டிற்கு வாங்கிப் பிரித்தார். ஒரு குடும்பத்தின் வீட்டு விலை அவ்வளவே. அதற்கு முந்திய தலைமுறையில், அவ்வூரிலேயே அடிமையாயிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் சிலர், வால்டன் காட்டின் விளையா நிலத்திற் குடியிருந்தனர். ஊர் நடுவே அவர்க்கு இடமில்லை. அங்குத் தனித்து வாழ்ந்த சில்பா என்னும் கறுப்பின மாது, நூல் நூற்றுப் பிழைத்தவர். 1812-ஆம் ஆண்டுப் போரின்போது ஆங்கிலப் படைவீரர் அவர் குடிசையைத் தீயிட்டனர். பனிக்காலத் தனிமையில் அவர்களை நினைந்து, தோரோ தம் நூலில் ஓர் இயல் வகுத்துப் பெயர் கூறி எழுதிவைத்தார். இன்றேல் அப்பெயர்களை நாம் அறியோம்.

பெண்டிர் நிலையும் அன்னதே. பனிக்கால இறுதியில், மார்ச்சு மாதத்தில், ஊரார் கூடித் தலைவரைத் தேர்ந்து, சாலைக்கும் பள்ளிக்கும் வறியோர்க்கும் பொருள் ஒதுக்குவர். அக்கூட்டத்தில் ஆடவர்க்கே வாக்குண்டு. ஆயினும் அப்பெண்டிர் வாளாவிருந்திலர். 1837-இலேயே அடிமை முறையை எதிர்க்கும் மகளிர் சங்கம் ஒன்றை அவ்வூரில் நிறுவினர். தோரோவின் அன்னையாரும் உடன்பிறந்த மகளிரும் அதில் உறுப்பினர். 1879-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்குழுத் தேர்தலில் மட்டும் பெண்டிர்க்கு வாக்களித்தது. 'லிட்டில் விமன்' என்னும் கதைநூலை இயற்றியவரும், மேற்கூறிய ஆல்காட்டின் மகளுமாகிய லூயிசா மே ஆல்காட், அவ்வூரில் முதன்முதற் பெயர் பதிந்த பெண்ணாவார். 1880 மார்ச் 29 அன்று அவர் உட்பட இருபது பெண்டிர் வாக்களித்தனர்.

இருவகைச் சரக்கு

அவ்வூர்ப் பக்கத்துப் பனிக்காலம் நம் நாட்டிற்கு இருவகைச் சரக்கை விடுத்தது. ஒன்று பனிக்கட்டி. செல்வர் குவளையில் ஒரு நாழிகை குளிர்ந்து மறைந்தது. கட்டடம் மட்டும் நிற்கின்றது. மற்றொன்று, 1848 ஜனவரி மாலையிற் சில ஊராரிடையே பேசப்பட்ட சொல். 1907-இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அக்கட்டுரையைப் படித்துத் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அதன் பகுதிகளை வெளியிட்டார். அவரது அறப்போர் அதற்கு முந்தியே, 1906-இல், தொடங்கியது. தம் கொள்கையைத் தோரோவினின்று கடன்கொண்டிலேன் என்று அவரே பின்னர் எழுதினார். எனினும் தாம் நடந்துகொண்டிருந்த வழியில் முன்னரே ஒருவர் நடந்த சுவட்டைக் கண்டு வலிமை கொண்டார் என்பதில் ஐயமில்லை. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தொண்டர் படையுடன் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டு, வேதாரணியக் கடற்கரையை அடைந்து உப்பு அள்ளியபோது, தீய சட்டத்திற்கு அடங்காமல் தண்டனைக்கு அடங்கும் அந்நெறி நம் காவிரி நாட்டிலும் கால்கொண்டது.

விலைக்கு வந்த பொருள் உருகிற்று. விலையின்றி வந்த சொல் உருகவில்லை. அச்சொல்லை விளைத்தோர் பேரரசரல்லர்; பெருஞ்செல்வருமல்லர். ஓர் ஊரின் பொதுமன்றமும், ஒரு பருவத்திற்கு 100 டாலரும், ஒவ்வாத கருத்தையும் பொறுத்துக் கேட்கும் செவியுமே அதற்கு முதல்.

நமக்கும் தை அறுவடை முடிந்தபின் ஓய்வுண்டு. மாசியிலும் பங்குனியிலும் மாலைப்பொழுது நீண்டு கிடக்கின்றது. திருமணத்திற்கும் ஆண்டுவிழாவிற்கும் திறக்கும் நம் சங்க மண்டபங்கள் ஏனைய நாளிற் பூட்டியே கிடத்தல் முறையோ? கிழமைக்கொரு மாலை அவற்றைத் திறந்து விளக்கேற்றுவோமாக. நமக்கு உவப்பானவரை மட்டுமன்றி, நம்மோடு மாறுபடுவோரையும் அழைத்துக் கேட்போமாக. மகளிரைப் பின்வரிசையில் அமர்த்தாது பேச அழைப்போமாக. ஊரோரத்தில் நிறுத்தப்பட்டோர்க்கும் அக்கதவு திறந்திருக்கட்டும். நம் குலத்தார் மட்டும் கேட்கும் சொல் நம் தெருவளவிலேயே நின்றுவிடும். எல்லாரும் இருந்து கேட்கும் சொல்லே ஏழுகடல் கடந்து செல்லும்.